கிற்றாரைக் கீழே வைக்காதவர்



மதுச்சாலையில் கிற்றார் வாசித்த ஒருவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றால் உங்களில் பலர் முகம் சுளிப்பீர்கள். குடியால் அழிந்த வீடுகளை நானும் கண்டவள்தான். ஆனால் 1970களின் இங்கிலாந்தில், வசதியற்ற இசைக்குழுக்களுக்குக் கிடைத்த மேடை பெரும்பாலும் மதுச்சாலையின் ஒரு மூலைதான். அங்கிருந்து வந்தவர்தான் வில்கோ ஜோன்சன்.

தேம்ஸ் நதி கடலோடு சேரும் இடத்திலுள்ள கான்வி தீவில் 1947இல் பிறந்தார். 1953இல், அவருக்கு ஐந்து வயதாயிருக்கையில், ஓரிரவு கடல் பொங்கி அத்தீவை மூடியது. 50இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2004 மார்கழியைக் கண்ட நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

பிறவியில் அவர் இடதுகைக்காரர். ஆனால் வலதுகையால் வாசிக்கப் பழகினார். பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தார், சிறிது காலம் ஆசிரியராகவும் இருந்தார். 1971இல் ஊர் நண்பர்களுடன் 'டொக்டர் பீல்குட்' என்ற குழுவைத் தொடங்கினார். குழுவில் இருந்தது ஒரேயொரு கிற்றார். ஆகவே தாளத்தையும் மெட்டையும் தாமே சேர்த்து வாசித்தார். 1976இல் அவர்களது இசைத்தட்டு பிரித்தானியாவில் முதலிடம் பெற்றது. அடுத்த ஆண்டே பிணக்கு ஏற்பட்டு அவர் விலகினார். 2004இல், இளவயதிலிருந்தே துணையாயிருந்த மனைவி ஐரீன் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரத்தோடும் அவர் வாசித்துக்கொண்டே இருந்தார்.

2013 தை மாதம் அவருக்கே சதையியில் புற்றுநோய் என்ற செய்தி வெளியானது. சுமார் பத்து மாதமே உயிர்வாழ்வார் என்றனர் வைத்தியர்கள். அவர் மருந்து ஏற்றிக்கொள்ள மறுத்துவிட்டு, ரசிகர்களிடம் விடைபெற ஊர் ஊராக வாசிக்கப் போனார். பத்து மாதம் கடந்தது. அவர் இன்னும் மேடையில் நின்றார்!

கச்சேரிகளில் அவரைப் படம்பிடித்த ஒருவர் புற்றுநோய் வைத்தியரும்கூட. 'இந்த நோய்க்காரர் இப்படித் துள்ளமுடியாதே' என்று அவருக்குச் சந்தேகம். கேம்பிரிட்ஜ் வைத்தியசாலையில் மீண்டும் பரிசோதிக்க வைத்தார். அது மெதுவாக வளரும் வேறு வகைக் கட்டி என்று தெரிந்தது. 2014இல் நீண்ட சத்திரசிகிச்சை செய்து, 3 கிலோ நிறையுள்ள கட்டியை அகற்றினார்கள். 2018இல் புதிய இசைத்தட்டும் வெளியிட்டார். 2022 கார்த்திகையில், 75ஆவது வயதில் காலமானார்.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. இடம்பெயர்ந்து எல்லாவற்றையும் இழந்த பின்னர், என் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. "இனி எனக்கென்ன" என்று ஏழு மாதம் எவருக்கும் சொல்லாமல் இருந்தேன். பக்கத்து வீட்டு அக்காதான் என் முகவாட்டத்தைக் கவனித்து, கையைப் பிடித்துக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனா. பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்தது. அந்த ஏழு மாதத்து நித்திரையை மட்டும் இழந்தேன்.

எல்லோருடைய கட்டியும் வில்கோவின் கட்டி போல ஆகாது. சிகிச்சை வேண்டாமென்பதும் இக்கதையின் பாடமல்ல. மரணத்துக்கு அஞ்சாத மனிதரைக்கூட, மறுபடி பார்ப்போம் என்ற ஒருவரின் அக்கறைதான் காப்பாற்றியது. ஆகவே உடம்பில் மாற்றம் கண்டால் உடனே காட்டுங்கள். ஐயமிருந்தால் இன்னொரு வைத்தியரிடமும் கேளுங்கள். பக்கத்து வீட்டுச் சகோதரியின் முகத்தையும் ஒருமுறை பாருங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.