பூட்டிக் கிடக்கும் அறைக்கு ஒரு மேஜை

மும்பையில் குடிசைகளை அகற்றிக் கட்டிய மாடிக் கட்டடங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். இந்த மறுவாழ்வுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கிய இடம் முதலில் 225 சதுர அடியாக இருந்தது. பின்னர் 269 ஆயிற்று. அதற்கும் பிறகு 300 ஆயிற்று. இதற்குள்தான் சமையல், படுக்கை, குளியல், டி.வி., தாத்தாவின் கட்டில் எல்லாம். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கும் பையன் எங்கே உட்கார்ந்து எழுதுவான்? கட்டிலின் ஓரத்தில், தலையணையை மடியில் வைத்து எழுதுகிறான். அல்லது தம்பி தூங்கிய பிறகு தரையில் குப்புறப் படுத்து எழுதுகிறான்.

அதே திட்டத்தின் விதிகள் ஒரு நல்ல காரியமும் செய்திருக்கின்றன. வீடுகளின் எண்ணிக்கைக்குத் தக்கபடி பால்வாடிக்கு ஓர் அறையும், பொது நலக் கூடம் ஒன்றும் கட்டித் தர வேண்டும் என்று சொல்லியிருக்கின்றன. அறை உண்டு. ஆனால் அறைக்குள் என்ன உண்டு? நான் பார்த்த கூடங்களில் பெரும்பாலானவற்றில் பந்தல் கம்பு, உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, கணபதி விழாவின் சீரியல் விளக்குப் பெட்டி, யாரோ கொண்டுவந்து போட்ட பழைய கட்டில், இவைதான் இருக்கின்றன. கதவில் பூட்டு. சாவி கமிட்டிக்காரர் வீட்டில். கீழே அறை பூட்டிக் கிடக்க, மேலே மாடிப்படியில் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

கமிட்டிக்காரரைக் கேட்டால் அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. "அந்த அறை எல்லாவற்றுக்கும் வேண்டியிருக்கிறது. காலையில் பால்வாடி, சாயங்காலம் டியூஷன், ஞாயிற்றுக்கிழமை கூட்டம், நல்லது கெட்டதுக்குப் பந்தி. மேஜை நாற்காலி போட்டால் அதை எடுத்து எங்கே வைப்பது? யார் தூக்குவது?" என்கிறார். கேள்வி சரியானதே. ஆனால் இதற்கு விடை பூட்டு அல்ல. இந்தக் கேள்விக்கென்றே யோசித்துச் செய்த மேஜைதான் விடை. மேஜையும் ஸ்டூலும் ஒரே சட்டத்தில் இணைந்த சாமான் ஒன்றை நம் கூடங்களுக்குச் செய்துகொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

இது புதுமையான யோசனை அல்ல. பல பள்ளிகளின் உணவுக் கூடங்களில் நெடுநாளாகப் புழங்குவதுதான். மேஜையோடு இருக்கை சேர்ந்திருந்தால் நாற்காலி தொலையாது, அடுத்த வீட்டுக்குப் போகாது, வெயிலில் காய்ந்து உடையாது. இழுத்து வைக்கும் சத்தமும் இல்லை. தனி நாற்காலி வாங்கிய சங்கங்கள் மூன்றாம் வருடம் எண்ணிப் பார்த்தால் எத்தனை மிஞ்சுகிறது என்பது செயலாளர்களுக்குத் தெரிந்த கதைதானே!

ஆனால் கடையில் விற்கும் எல்லாவற்றையும் நம்பி வாங்கிவிட முடியாது. மலிவான வகையில் ஸ்டூல் மேஜைக் காலிலிருந்து ஒரு கம்பியில் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்க அழகு. எண்பது கிலோ மனிதர் ஒருவர் அதில் உட்கார்ந்து, எழும்போது கையை ஊன்றி அழுத்தினால், அந்தப் பாரம் முழுவதும் கம்பியும் காலும் சேரும் வெல்டிங்கின் மேல் விழுகிறது. முதலில் விரிசல் விடுவது அந்த இடம்தான். இன்னொரு கெடுதலும் உண்டு. ஒரு பக்கம் மட்டும் இருவர் உட்கார்ந்தால் எதிர்ப்பக்கம் மேலே தூக்கும். மேஜையில் இருந்த சாம்பார் வாளி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நடுவில் மடிந்து, சக்கரத்தில் நிமிர்ந்து நிற்கும் பெரிய மேஜைகளும் இருக்கின்றன. சிறுவர் புழங்கும் அறைக்கு அவை வேண்டாம் என்பேன். அமெரிக்கப் பள்ளிகளில் அத்தகைய மேஜைகளைத் தள்ளும்போது கவிழ்ந்து குழந்தைகள் உயிரிழந்ததும், அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கை வெளியிட்டதும் நடந்த செய்திகள். நம் கூடத்தில் அதைத் தள்ளப் போவது யார்? வாட்ச்மேன் இல்லாத நேரத்தில் நாலு பையன்கள்தான்.

ஆகவே, மடக்க வேண்டியது மேஜையை அல்ல, ஸ்டூலை. நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலமுள்ள சாதாரண மேஜை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு மூலைக் காலிலும் இரும்பு கேட்டுக்குப் போடுவதுபோல் மேலொன்று கீழொன்றாகக் கீல். அந்தக் கீலில் சுழலும் கையின் நுனியில் ஒரு ஸ்டூல். முக்கியமானது என்னவென்றால், ஒவ்வொரு ஸ்டூலுக்கும் தரையைத் தொடும் சொந்தக் கால் இருக்க வேண்டும்; அந்தக் கால் இருக்கையின் நட்டநடுவிலிருந்து சிறிது வெளிப்பக்கம் தள்ளி இருக்க வேண்டும். அப்போது உட்காருபவரின் பாரம் நேரே தரைக்குப் போய்விடும். கீலுக்கு வேலை திருப்பிவிடுவது மட்டுமே. மேஜையும் தூக்காது. வேண்டும்போது ஸ்டூலை வெளியே திருப்பு. வேண்டாதபோது உள்ளே தள்ளு. ஒரு சிறுமியால் செய்ய முடிகிற காரியம். எதையும் தூக்க வேண்டியதில்லை.

ஸ்டூலின் குறுக்களவு 11 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். கையின் நீளம் சுமார் 15 அங்குலம். ஸ்டூல் இன்னும் பெரிதானால் இரண்டு பக்கத்து ஸ்டூல்களும் மேஜைக்கடியில் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். பட்டறைக்காரர் இரும்பை வெட்டுமுன் தரையில் சாக்பீஸால் வரைந்து பார்ப்பது நல்லது.

கணக்கைப் பாருங்கள். பன்னிரண்டுக்கு இருபது அடி அறை ஒன்று, 240 சதுர அடி. ஆட்கள் உட்கார்ந்த நிலையில் இந்த மேஜை ஒன்றுக்கு நாலுக்கு ஐந்து அடி இடம் வேண்டும். அகலவாட்டில் இரண்டு, நீளவாட்டில் மூன்று, ஆக ஆறு மேஜை போடலாம். இருபத்து நான்கு பிள்ளைகள் உட்காரலாம். கரும்பலகைக்கும் ஆசிரியருக்கும் நடக்கவும் இடம் மிஞ்சும். வகுப்பு முடிந்து ஸ்டூல்களை உள்ளே தள்ளி, ஐந்து மேஜையைச் சுவரோரம் வரிசையாக நகர்த்தி, ஆறாவதைக் குறுக்குச் சுவரில் வைத்தால் அவை பிடிப்பது 48 சதுர அடிதான். அறையில் ஐந்தில் நாலு பங்கு காலி! பந்தி நாளில் அந்த வரிசையே சோறும் குழம்பும் வைக்கும் மேடையாகிவிடும். கண் பரிசோதனை முகாமுக்கு டாக்டரின் மேஜையாகும். ரேஷன் கார்டு, ஆதார் திருத்தம் என்று விண்ணப்பம் எழுதித் தரும் நாளில் நாலு பேர் உட்கார்ந்து எழுதலாம்.

உயரம் பற்றி ஒரு வார்த்தை. பெரியவர்களுக்கு இருக்கை 17, 18 அங்குலமும் மேஜை 29, 30 அங்குலமும் வசதி. பத்து வயதுப் பிள்ளைக்கு இது அதிகம். எல்லோரும் புழங்கும் அறையில் சமரசம் செய்துதான் ஆக வேண்டும். இருக்கை 17, மேஜை 28 என்று வைத்து, பிள்ளைகளின் கால் அந்தரத்தில் தொங்காதபடி தரையிலிருந்து ஐந்து அங்குல உயரத்தில் மேஜைக் கால்களுக்கிடையே கால் வைக்க ஒரு கம்பி கொடுத்தால் போதும். பால்வாடிக் குழந்தைகளுக்கு இது எதுவும் வேண்டாம். அவர்களுக்குப் பாய்தான் சரி.

இனி உழைப்பு. மும்பையில் சாமானை அழிப்பது மனிதர்களைவிட மழைதான். நாலு மாதம் ஈரம். அதற்குமேல் தரைத்தளக் கூடத்தில் தண்ணீரும் ஏறும். பைப்பின் அடிவாய் திறந்திருந்தால் கழுவும் தண்ணீர் உள்ளே போய் உள்ளிருந்தே துரு அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். ஒருநாள் கால் மடிந்துவிடும். ஆகவே பைப்பின் வாயைத் தகடு வைத்து வெல்டிங் செய்து மூடச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் மூடி மட்டும் போதாது. பைப்பின் கனம் 16 கேஜ் இருக்கட்டும். 20 கேஜ் பைப்பில் விலை குறைத்துத் தருகிறேன் என்பார்கள், கேட்க வேண்டாம். கேஜ் எண் கூடினால் தகடு மெலிகிறது என்பதை நம் கமிட்டிகளில் பலர் கவனிப்பதில்லை, பெரிய எண் என்றால் உறுதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு பூசி, அதன் மேல்தான் பெயின்ட்.

மேல்பலகைக்குச் சாதாரண பிளைவுட் வாங்கினால் இரண்டு மழையில் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். தண்ணீர் தாங்கும் பசையில் ஒட்டிய ரகமாக, ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டாகக் கேட்டு வாங்க வேண்டும். மேலே சன்மைக்கா ஒட்டினால் மட்டும் போதாது. தண்ணீர் புகுவது ஓரங்களில்தான். நாலு ஓரத்துக்கும் மரச் சட்டம் அடிக்க வேண்டும். பலகையைச் சட்டத்தோடு சேர்க்க ஸ்குரூ வேண்டாம். நாளடைவில் பிடி விட்டுப் பிடுங்கிக்கொள்ளும். ஊடுருவிப் போகும் போல்ட்டும் நட்டும் போட்டால், பலகை கெட்டாலும் கழற்றிப் புதிது போடலாம். இரும்புச் சட்டம் அப்படியே உழைக்கும். கீலுக்கு அரை அங்குல உருட்டுக் கம்பி, மாதம் ஒருமுறை இரண்டு சொட்டு எண்ணெய். ஸ்டூல் காலின் அடியில் நைலான் குமிழ். அதைத் திருகி ஏற்றி இறக்க முடிந்தால் மேடு பள்ளமான தரையிலும் ஆடாது.

இதற்கு மறுப்புச் சொல்பவர்களும் இருப்பார்கள். "நாங்களெல்லாம் தரையில் உட்கார்ந்து படித்தவர்கள்தானே, ஆபீசருமாகவில்லையா?" என்று ஒரு பெரியவர் கேட்பார். தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது வேறு, இரண்டு மணி நேரம் குனிந்து எழுதுவது வேறு. அந்தக் காலத்து மண்டிக் கணக்கர்கூடத் தரையில் உட்கார்ந்தாலும் முன்னால் சாய்வுப் பெட்டி வைத்துத்தான் எழுதினார். மூடியின் மேல் எழுதுவார். மூடிக்கடியில் பேரேடு இருக்கும். மசூதி பந்தர் வியாபாரிகளின் முனீம்களும் அப்படித்தான். ஒரே சாமானில் இரண்டு வேலை பார்ப்பது நம் ஊர்களுக்குத் தெரியாத வித்தை அல்ல.

இன்னொரு மறுப்பில் உண்மை இருக்கிறது. சாய்மானம் இல்லாத ஸ்டூல் முதியவர்களுக்கு உகந்ததல்ல. முழங்கால் வலி உள்ளவருக்கு மேஜைக்கும் ஸ்டூலுக்கும் நடுவில் நுழைவதே கஷ்டம். ஆகவே ஆறு மேஜையில் ஒன்றில் இரண்டு ஸ்டூல் மட்டும் வைத்து, எதிர்ப்பக்கத்தை வெறுமையாக விட வேண்டும். அங்கே சாய்வு நாற்காலியோ சக்கர நாற்காலியோ வந்து நிற்கும். அதனால் இருபத்து நாலு இருபத்திரண்டாகக் குறையும், குறையட்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து நடக்கும் கூட்டத்துக்கும் இந்த ஸ்டூல் ஏற்றதல்ல. அவ்வளவு நேரம் பேசும் கூட்டங்கள் குறைந்தால் நல்லது என்பது வேறு விஷயம்.

பணம் எங்கே என்ற கேள்வி வரும். ஷீல்டுக்கும் சால்வைக்கும் பிளெக்ஸ் போர்டுக்கும் வரும் பணம்தான். நன்கொடை கொடுப்பவர் பெயரை மேஜையின் பக்கவாட்டில் பெயின்டில் எழுதினால் அவரும் மகிழ்வார். செய்வதற்கு வெளியே ஆள் தேட வேண்டியதில்லை. வெல்டர், ஃபிட்டர், தச்சர் வேலை பார்க்கும் நம்மவர்கள் இந்த நகரத்தில் எத்தனை பேர்! மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் தகப்பன்மார்களிலேயே இந்தக் கைத்தொழில்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூலி கொடுத்துத்தான் செய்யச் சொல்ல வேண்டும். "சங்கத்துக்காக இலவசமாக" என்று ஆரம்பித்த வேலை பாதியில் நிற்கும்.

மகாராஷ்டிரத்தில் கூட்டுறவு வீட்டுச் சங்கங்களின் ஆண்டுப் பொதுக்குழு செப்டம்பர் 30-க்குள் கூட வேண்டும். உங்கள் கட்டடத்தின் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து, நலக் கூடத்தின் சாவியையும் இந்த மேஜையையும் பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவரலாம். ஆறையும் ஒரே தடவையில் செய்ய வேண்டாம். முதலில் ஒன்று மட்டும் செய்து, பையன்கள் கையில் விட்டு, ஒரு மழைக்காலம் முழுவதும் புழங்கட்டும். கீல் எங்கே ஆடுகிறது, துரு எங்கே பிடிக்கிறது என்று பார்த்துக்கொண்டு, மீதி ஐந்தையும் தீபாவளிக்குள் முடித்தால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கு முன் மூன்று மாதமாவது கிடைக்கும்.