எம் ஸ்பைக்: எர்ரரா, வார்னிங்கா?

மக்களே, ரத்த ரிப்போர்ட்டில் 'எம் ஸ்பைக்'னு இருந்தா, உடனே கூகுளாண்டவரைக் கேட்டு, புற்றுநோய்னு முடிவு கட்டி தூக்கத்தைத் தொலைக்காதீங்க.

எலும்பு மஜ்ஜையில் ஒரே பிளாஸ்மா செல்லின் வாரிசுகள் பெருகி, ஒரே மாதிரி புரதத்தைக் கொட்டினால் வருவது இது. மயலோமா புற்றுநோயிலும் வரும். எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கும் வரும். இந்த இரண்டாவது வகைக்கு 1978-ல் 'எம்ஜியூஎஸ்' என்று பெயர் வைத்தவர் அமெரிக்க டாக்டர் ராபர்ட் கைல். மினசோட்டாவில் 50 வயது தாண்டியவர்களில் சுமார் 3 சதவீதம் பேருக்கு இருந்தது. வருஷத்துக்குச் சுமார் 1 சதவீதம் பேருக்குத்தான் முற்றுகிறது.

நம்ம பாஷையில் சொன்னா, பெரும்பாலும் வார்னிங்தான். அதுக்காக வார்னிங்கை அமுக்கிட்டுப் போறதும் தப்பு. ஹீமோகுளோபின், கால்சியம், கிரியேட்டினின் எல்லாம் பார்த்துட்டு, டாக்டர் சொன்ன தேதியில் மறுபடி டெஸ்ட் எடுக்கணும். என்னைக் கேட்டா, பயத்தைவிட அலட்சியம்தான் ஆபத்து. நீங்க என்ன சொல்றீங்க?