இறக்குங்க, வெட்டாதீங்க

"காரை இறக்கிறவனுக்கு மூளையில்லை" எண்டு சொல்லுற பெரியாக்களோட எனக்கு உடன்பாடு இல்லை. மட்காட்டுக்கும் ரயருக்கும் நடுவில நாலு விரல் இடைவெளி இருக்கிற சிவிக் ஒரு மாதிரி, அது ரெண்டு விரலாகக் குறைஞ்ச சிவிக் வேற மாதிரி. அழகு மட்டுமில்லை. பாரம் நிலத்துக்குக் கிட்ட வந்தால் கார் கிறுகும்போது சரியிறது குறையும், ஸ்டியறிங் சொன்னதை உடனே கேக்கும். அந்த ஆசையில பிழை ஒண்டும் இல்லை. நான் எதிர்க்கிறது, "மச்சான், ஒண்டரைச் சுத்து வெட்டிவிட்டாச் சரி" எண்ட அந்தக் குறுக்கு வழியை மட்டும்தான்.

முதலில் நம்மட நிலைமையைப் பாருங்க. 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியது. வரியோடு சேர்த்து விலையைப் பார்த்தால் தலை சுற்றும். ஆகவே மட்டக்களப்பில் ஸ்போர்ட்ஸ் கார் எண்டால் பெரும்பாலும் பழைய சிவிக், லான்சர், கொஞ்சம் வசதி இருந்தால் ஸ்விஃப்ட் ஸ்போர்ட். டொயோட்டா 86 போனால் ஆக்கள் திரும்பிப் பார்ப்பாங்க. அதுவும் அனேக வீட்டில ஒரே கார்தான். ஞாயிற்றுக்கிழமை பாசிக்குடாவுக்கு நண்பர்களோட போற அதே கார்தான் திங்கட்கிழமை அம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகும், வெள்ளிக்கிழமை மண்முனைப் பாலத்தால குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்குப் போகும். நீங்க வெட்டுற ஸ்பிறிங்குக்கு மேல இருக்கப் போறது நீங்க மட்டும் இல்லை.

வெட்டினால் என்ன நடக்கும்? ஸ்பிறிங்கின்ர கடினம் அதில் வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் மிச்சம் ஐந்து, ஸ்பிறிங் 20 சதவீதம் கடினமாகும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஷொக் அமுங்கிறதுக்கு இருந்த இடம் அதைவிடப் பல மடங்கு குறைஞ்சு போயிருக்கும். உதாரணமாக, அமுங்க 70 மி.மீ. இருந்த காரை 50 மி.மீ. இறக்கினால் மிச்சம் 20. பின் சீட்டில மூன்று பேர் ஏறினாலே அதுவும் முடிஞ்சுது. பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் ஷொக் போய் ரப்பர் தடுப்பில முட்டும். முட்டின நிமிஷம் அந்தச் சில்லுக்கு ஸ்பிறிங்கே இல்லை எண்டதுதான் அர்த்தம். ரயர் றோட்டை விட்டுத் துள்ளும். இரவில றோட்டு நடுவில படுத்துக் கிடக்கிற மாட்டைக் கண்டு பிறேக் பிடிக்கிற நேரத்தில அது துள்ளினால்? நம்மட பக்கத்தில அது கற்பனைக் கதை இல்லை.

இன்னொன்று, ஜக் அடித்தாலோ பெரிய மேட்டில சில்லுத் தொங்கினாலோ வெட்டின ஸ்பிறிங் தளர்ந்துபோகும், தன் இருக்கையை விட்டு விலகவும் கூடும். வெட்டாமல் காஸ் அடித்துச் சூடாக்கி இறக்கிறது இன்னும் மோசம். அந்தச் சூட்டோட உருக்கின் உறுதியே போயிடும்.

இறக்குறதுக்கெண்டே செய்த ஸ்பிறிங் வேற சாமான். ஐபாக், டெயின் போன்ற கம்பனிகள் ஒவ்வொரு மொடலின் பாரத்தையும் கணக்கெடுத்துச் செய்கின்றன. பலதில் ஒரு பக்கச் சுற்றுகள் நெருக்கமாக இருக்கும். சில்லுத் தொங்கும்போது ஸ்பிறிங் தளராமல் பிடித்துக்கொள்வது அந்தப் பகுதிதான். அமுங்க அமுங்கக் கடினம் கூடும். சாதாரணப் பாவனைக்கு வருகிறவை பெரும்பாலும் 25 முதல் 35 மி.மீ. வரைதான் இறக்கும். ஜேர்மனியில் அப்படிப்பட்ட ஸ்பிறிங்குக்கும் சான்றிதழ் வேணும், பூட்டின பிறகு காரைப் பரிசோதிக்கவும் வேணும். இங்க வருஷா வருஷம் நாம எடுக்கிற புகைப் பரிசோதனை புகையை மட்டும்தான் பார்க்கும். ஸ்பிறிங்கை ஒருத்தரும் குனிஞ்சு பார்க்கிறதில்லை. ஆகவே அந்தப் பொறுப்பு முழுக்க உங்கட தலையில.

ஒரிஜினல் ஸ்பிறிங் வாங்கினாலும் வேலை முடியவில்லை. பத்து வருஷம் ஓடின ஷொக்குக்கு மேல புது ஸ்பிறிங் போட்டால் கார் ஊஞ்சல் ஆடும். ஷொக்கும் ரப்பர் தடுப்பும் சேர்த்து மாற்றுங்க. அமுக்கி பிடிக்கிற கருவி இல்லாமல் ஸ்ட்ரட்டின் மேல் நட்டைக் கழற்ற விடாதீங்க. அமுங்கிக் கிடக்கிற ஸ்பிறிங் பாய்ஞ்சால் ஆளைக் கொல்லும். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழ போகவும் வேணாம். கை ஆர்ம் போல்ட்டுகளைச் சில்லுத் தொங்கும்போதே இறுக்கினால் புஷ் முறுகி, சீக்கிரம் கிழியும். கார் நிலத்தில நின்ற பிறகுதான் கடைசி இறுக்கு. பிறகு வீல் அலைன்மென்ட். அதை விட்டால் ரயரின் உள்பக்கம் மட்டும் தேயும், வெளியில நிண்டு பார்த்தால் தெரியாது. முன் லைட்டையும் சரிபார்க்க வேணும். பின்பக்கம் கூட இறங்கினால் வெளிச்சம் மேல தூக்கும். ரெண்டு பக்கமும் வாவித் தண்ணி இருக்கிற ஒடுங்கின றோட்டில, எதிரே மோட்டார் சைக்கிளில வாறவருக்கு அந்த ஒளி கண்ணைக் குருடாக்கும்.

எவ்வளவு இறக்கலாம் எண்டு கொழும்புக்காரரிடம் கேக்காதீங்க, நம்மட றோட்டைக் கேளுங்க. ஜப்பானில் விற்ற டொயோட்டா 86 நிலத்திலிருந்து 130 மி.மீ. உயரம்தான். 30 இறக்கினால் 100. திருகோணமலை வீதிக் காப்பட்டில் அது போதும். படுவான்கரையின் கிறவல் றோட்டில் போதாது. மார்கழி மழைக்குப் பள்ளம் எது, றோட்டு எது எண்டு தெரியாமல் தண்ணி நிக்கும். கிரான் புலிபாய்ந்தகல் பக்கம் றோட்டே மூடி ஆக்கள் தோணியில போவாங்க. காத்து உறிஞ்சுற குழாயையும் கீழ இறக்கி வைத்திருந்தால், எஞ்சின் தண்ணியைக் குடிச்சு ஒரே நாளில முடிஞ்சிரும். என்ர அபிப்பிராயம்: நம்ம ஊருக்கு 30 மி.மீ.தான் எல்லை. அதுக்குக் கீழ போறதெண்டால் அது காட்சிக்கு வைக்கிற கார், வீட்டுக் கார் இல்லை.

"அவ்வளவு காசுக்கு எங்க போறது?" எண்ட கேள்வி நியாயமானது. ஸ்பிறிங், ஷொக், அலைன்மென்ட் எல்லாம் சேர்ந்தால் பெரிய தொகை. வெட்டுறதுக்குக் கராஜ் கூலி மட்டும்தான். ஆனால் உள்பக்கம் தேய்ஞ்ச ரெண்டு ரயர், வெடிச்ச ஷொக், உடைஞ்ச போல் ஜொயின்ற் எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க, மலிவு வழி எது எண்டு தெரியும். காசு குறைவெண்டால் வரிசையை மாற்றுங்க. முதல் நல்ல ரயர், அடுத்து நல்ல ஷொக், ஸ்பிறிங் கடைசி. முதல் ரெண்டையும் செய்த காரே, உயரம் குறையாமல், வெட்டின காரை விட நல்லாக் கிறுகும்.

அதுவரைக்கும் அந்த நாலு விரல் இடைவெளி அப்படியே இருக்கட்டும். அதில வெட்கப்பட ஒண்டும் இல்லை. வாறவன் போறவன் என்ன நினைக்கிறான் எண்டதை விட, பின் சீட்டில இருக்கிற ஆள் பத்திரமா வீட்டுக்கு வாறது பெரிசு.