குடும்பிமலைப் பக்கம் நடப்போம்



மட்டக்களப்பு மாவட்டத்தின் கிரான் பிரதேசத்தில், வயல்வெளிகளுக்கும் மேய்ச்சல் தரைகளுக்கும் அப்பால் நிற்கிறது குடும்பிமலை. தூரத்தே பார்த்தால் தலையில் முடிந்த குடும்பி போலவே தெரியும். சிங்களத்தில் இதைத் தொப்பிகல என்பார்கள். ஒரே கல், ஒருவருக்குக் குடும்பி, மற்றவருக்குத் தொப்பி.

2007 ஜூலையில் இம்மலைப் பகுதி இராணுவத்தின் வசமானது. அந்த ஆண்டு நடந்த போரில் படுவான்கரைக் குடும்பங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இடம்பெயர்ந்தன. உயிருக்குப் பயந்து ஓடிய பக்கம் மலை பார்க்கப் போவதென்றால் மனம் தயங்கும். தயக்கம் பிழையல்ல. தனியே போகாமல் நாலைந்து பேராகச் சேர்ந்து போங்கள்.

கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் வழியாகப் போகலாம். கார்த்திகை, மார்கழி மழையில் அந்த வீதியை வெள்ளம் மூடிவிடும். மாசி, பங்குனியே நல்ல காலம். அதிகாலையிலும் பொழுதுபட்ட பிறகும் யானைகள் நடமாடும். வெயில் ஏறுமுன் நடந்து, மாலைக்கு முன் திரும்பிவிடுங்கள். மாடு மேய்ப்பவர்களிடம் வழி கேளுங்கள். தண்ணீர் கட்டாயம் கொண்டு போங்கள்.

மிதிபட்ட பாதையை விட்டு விலக வேண்டாம். சிவப்பு எச்சரிக்கைப் பலகை கண்டால் வந்த வழியே திரும்புங்கள். இனந்தெரியாத இரும்புப் பொருள் எதையும் பிள்ளைகள் தொட விடாதீர்கள். கிராம உத்தியோகத்தருக்கோ பொலிஸாருக்கோ அறிவியுங்கள்.

அன்று பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினோம். இன்று அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து, ஆறுதலாக, மலையைக் காட்டிக்கொண்டு நடப்போம்.