கடிதப் பெட்டியின் சாவி யார் கையில்?



கல்லாப்பெட்டிச் சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டு நாம் வீட்டுக்குப் போவோமா? மாட்டோம். கோடவுன் சாவியைக் கூடத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறவர்கள் நாம். ஆனால் வரித்துறை நோட்டீஸும், மில்காரர் விலையும், வங்கி விவரமும் வந்து சேர்கிற இ-மெயில் பெட்டியின் சாவி மட்டும் நம்மில் பலர் கையில் இல்லை. அது கம்ப்யூட்டர் பையனிடம் இருக்கிறது. அல்லது கணக்கு எழுதுகிறவரிடம் இருக்கிறது. அல்லது வேலையை விட்டுப் போய் மூன்று வருடம் ஆனவரிடம் இருக்கிறது. இது சரியல்ல என்று சொல்லவே இதை எழுதுகிறேன். நான் பட்டுத் தெரிந்துகொண்டவன்.

பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திவிட்டு, தகப்பனாரின் பருப்பு மண்டியில் வந்து உட்கார்ந்தவன் நான். அந்நாளில் பதினொரு மணிக்குத் தபால்காரர் வருவார். கார்டு, இன்லண்டு, லாரி ரசீது வைத்த கவர் என்று ஒரு கட்டுக் கொடுப்பார். தகப்பனார் ஒவ்வொன்றாகப் படித்து, பதில் போட்ட தேதியை மூலையில் குறித்து, கம்பியில் குத்தி வைப்பார். வருடக் கடைசியில் கம்பியிலிருந்து கழற்றிக் கட்டாகக் கட்டிப் பரணில் ஏற்றிவிடுவோம். தகராறு என்று ஒன்று வந்தால் பரணில் ஏறினால் போதும். ஐந்து வருடத்துக் கடிதமும் கைக்கு வந்துவிடும்.

இன்று கார்டும் இல்லை. தந்தியும் 2013 ஜூலையோடு போய்விட்டது. என் கடிதப் போக்குவரத்து எல்லாம் வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரில்தான். மண்டியில் பருப்புத் தூசி பறக்கும் என்பதால் அதை வீட்டில் வைத்திருக்கிறேன். இரவு சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் அதன் முன் உட்காருவது வழக்கம்.

2021-ஆம் வருடம் பொங்கல் முடிந்து, குலதெய்வம் கோயிலுக்கும் உறவினர் வீடுகளுக்குமாகப் பத்து நாள் வெளியூர் போயிருந்தேன். வந்து கம்ப்யூட்டரைப் போட்டால் மெயில் வரவில்லை, போகவும் இல்லை. ஏதோ சான்றிதழ் சரியில்லை என்று ஒரு கட்டம் வந்து நின்றது. பழக்கமான மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டேன். பார்த்த மாத்திரத்தில், "அண்ணாச்சி, வைரஸ் புகுந்துட்டு. ஃபார்மட் பண்ணினாத்தான் சரியாகும்" என்றார். சரி, செய்யுங்கள் என்றேன். மாலைக்குள் முடித்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். மெயிலும் வந்தது.

மூன்றாம் நாள் நெடுநேரம் மின்சாரம் இல்லை. கரண்ட் வந்த பிறகு பார்த்தால் பழையபடி அதே கட்டம். அன்று வீட்டுக்கு வந்திருந்த என் மகள் வயிற்றுப் பேரன் எட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, கீழே மூலையில தேதி 2009-ன்னு காட்டுதே, அதைப் பார்த்தீங்களா?" என்றான். பார்க்கவில்லை. மெக்கானிக்கும் பார்க்கவில்லை, அல்லது பார்த்துத் திருத்திவிட்டுச் சும்மா இருந்துவிட்டார். கம்ப்யூட்டருக்குள் காசு அளவில் ஒரு சிறு பாட்டரி இருக்கிறது. மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரம் ஓடுவது அதனால்தான். அது தீர்ந்துபோய், ஒவ்வொரு முறை மின்சாரம் நின்றதும் கம்ப்யூட்டர் பழைய வருடத்துக்குப் போய்விட்டிருக்கிறது. மெயில் கம்பெனியின் சர்வர் ஒவ்வொரு முறையும் தன் அடையாளச் சான்றிதழைக் காட்டும். அதில் தொடங்கும் தேதி, முடியும் தேதி இரண்டும் உண்டு. 2021-இல் கொடுத்த லைசென்ஸை 2009-இல் கொண்டுபோய்க் காட்டினால் எந்த அதிகாரி ஏற்பார்? என் கம்ப்யூட்டரும் ஏற்கவில்லை. அதன் மேல் குற்றமில்லை. பாட்டரி விலை நாற்பது ரூபாய்.

நாற்பது ரூபாய்க் கோளாறுக்கு ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தது பெரிதல்ல. ஃபார்மட் செய்ததில் எட்டு வருடத்துக் கடிதங்கள் அடியோடு போய்விட்டன. அது எப்போது தெரிந்தது என்றால், மகாராஷ்டிரத்து மில் ஒன்றோடு கணக்குப் பார்த்தபோது. அவர்கள் அனுப்பிய துவரம் பருப்பு ஒரு லோடு, 200 மூட்டை, மூட்டை 50 கிலோ. மாதிரியை விடத் தரம் குறைந்திருந்ததால் கிலோவுக்கு 4 ரூபாய் தள்ளித் தருவதாக மேனேஜர் மெயிலில் ஒப்புக்கொண்டிருந்தார். அவர் மாறிப்போய்ப் புதியவர் வந்தார். "கடிதம் இருந்தால் அனுப்புங்கள், வரவு வைக்கிறேன்" என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் என்னிடம் கடிதம் இல்லை. 40,000 ரூபாய் பற்றிலேயே நின்றுவிட்டது.

மெக்கானிக் மேல் கோபப்பட்டு என்ன பயன்? "கடிதங்களை முதலில் நகல் எடுத்தீர்களா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் பேரனை உட்கார வைத்து, வெட்கப்படாமல் பாடம் கேட்டேன். கேட்டதில் நம் போன்றோருக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன்.

மெயில் அமைப்பில் இரண்டு சர்வர்கள் உண்டு. ஒன்று நமக்கு வரும் கடிதத்தை வைத்திருக்கும் தபால் ஆபீஸ். மற்றது நாம் அனுப்புவதை வாங்கிக்கொள்ளும் சிவப்புப் பெட்டி. வரும் கடிதத்தை எடுக்க இரு முறைகள். பாப் என்பது தபால் ஆபீஸுக்குப் போய்க் கடிதங்களை வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுவது. ஐமேப் என்பது கடிதங்களை அங்கேயே அலமாரியில் வைத்துவிட்டு, வீட்டிலிருந்தும் செல்போனிலிருந்தும் படித்துக்கொள்வது. பாப் முறையில் "சர்வரில் ஒரு நகல் இருக்கட்டும்" என்று ஒரு கட்டம் உண்டு. அதில் குறி போடாவிட்டால் அங்கே ஒன்றும் மிஞ்சாது. எனக்கு ஆதியில் அமைத்துக் கொடுத்தவர் பாப் முறையில் அமைத்து, அந்தக் குறியைப் போடாமல் விட்டிருந்தார். பரண் ஒன்றே ஒன்று, அது என் வீட்டுக் கம்ப்யூட்டர், அதையும் துடைத்துவிட்டோம்.

கோடவுனுக்கு முன்வாசல், பின்வாசல் இருப்பது போல் சர்வருக்கும் எண்ணிட்ட வாசல்கள் உண்டு. அதைத்தான் போர்ட் என்கிறார்கள். பூட்டுப் போட்ட பாதையில் வரும் கடிதத்துக்கு ஐமேப் என்றால் 993, பாப் என்றால் 995. போகும் கடிதத்துக்கு 465 அல்லது 587. 25 என்பது பழைய வாசல். குப்பை மெயில் தொல்லையால் அந்த வழியைப் பல இணையக் கம்பெனிகள் அடைத்துவிட்டன. இந்த எண்களையும் சர்வர் பெயர்களையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

இனி மெயில் நின்றுபோனால், மெக்கானிக்குக்குப் போன் செய்யும் முன் நாமே பார்க்கக்கூடியவை இவை.

1. கீழ் மூலையில் தேதியும் வருடமும் சரியா என்று பாருங்கள். என் கதை உங்களுக்கு வேண்டாம்.

2. அதே பெட்டி செல்போனில் திறக்கிறதா என்று பாருங்கள். அங்கே திறந்தால் பெட்டி நன்றாக இருக்கிறது, கோளாறு வீட்டுக் கம்ப்யூட்டரின் அமைப்பில். அங்கேயும் திறக்காவிட்டால் பாஸ்வேர்டையோ கம்பெனியையோ பார்க்க வேண்டும்.

3. வருவது நின்றதா, போவது நின்றதா என்று பிரித்துப் பாருங்கள். வருகிறது, போகவில்லை என்றால் வாசல் எண் 25 என்று இருக்கலாம். அல்லது போகும் சர்வருக்கும் பெயரும் பாஸ்வேர்டும் தேவை என்ற குறி விட்டுப்போயிருக்கலாம்.

4. அனுப்பாமல் தேங்கி நிற்கும் கடிதம் உண்டா என்று பாருங்கள். பில்களைப் படமெடுத்துப் பத்துப் பதினைந்தாக ஒரே கடிதத்தில் ஏற்றுகிறோம். ஜிமெயிலில் ஒரு கடிதத்துக்கு 25 எம்.பி.தான் அளவு. பாலத்தில் மாட்டிய லாரி மாதிரி அது நின்றால், பின்னால் வருவதும் நிற்கும்.

5. பெட்டி நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். கூகுள் இலவசமாகக் கொடுக்கும் இடம் 15 ஜி.பி. அது கடிதத்துக்கு மட்டுமல்ல; செல்போனிலிருந்து ஏறும் பேத்தியின் பிறந்தநாள் படங்களுக்கும் அதே இடம்தான். நிரம்பிவிட்டால் நமக்கு வரும் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.

6. சரியான பாஸ்வேர்டையே தவறு என்கிறதா? பழைய மெயில் மென்பொருளில் வெறும் பாஸ்வேர்டு மட்டும் கொடுத்து நுழையும் முறையைத் தனிநபர் கணக்குகளுக்கு கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்திவிட்டது. கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பை ஏற்படுத்திக்கொண்டு, அதற்குள் 16 எழுத்துக் கொண்ட தனிப் பாஸ்வேர்டு ஒன்றை வாங்கி, அதைத்தான் அந்தக் கம்ப்யூட்டரில் போட வேண்டும். முதன்மைப் பாஸ்வேர்டை மாற்றினால் இந்தப் பதினாறு எழுத்தும் செல்லாது. புதிதாக வாங்க வேண்டும். மைக்ரோசாப்ட்டும் தன் அவுட்லுக், ஹாட்மெயில் பெட்டிகளுக்கு 2024 செப்டம்பர் 16 முதல் பழைய முறையை எடுத்துவிட்டது. திருடனுக்குப் பயந்து பூட்டை மாற்றுகிறார்கள். நாம் சாவியை மாற்றாமல் பூட்டின் மேல் பழி போடக் கூடாது.

இந்த ஆறையும் பார்க்கக் கால் மணி நேரம் போதும். பிறகும் சரியாகவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஆனால் நகல் எடுக்காமல் எதையும் அழிக்கக் கூடாது என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

"இப்போது எல்லாம் வாட்ஸ்அப்பில் முடிகிறதே, மெயில் எதற்கு?" என்று கடைவீதியில் கேட்கிறார்கள். ஆர்டர் போடவும் விலை கேட்கவும் வாட்ஸ்அப் போதும், மறுக்கவில்லை. ஆனால் 2017-ஆம் வருட மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 169-ஆவது பிரிவைப் பாருங்கள். பதிவின்போது நாம் கொடுத்த மெயில் விலாசத்துக்கு நோட்டீஸ் அனுப்புவதும் முறைப்படி சார்வு செய்ததாகும். "நான் மெயில் பார்ப்பதில்லை" என்பது அங்கே பதிலாகாது. அதே சட்டத்தின் 36-ஆவது பிரிவுப்படி, கணக்கையும் ஆவணங்களையும் ஆண்டு ரிட்டன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பரண் காலத்துப் பழக்கத்தைச் சட்டமும்தான் கேட்கிறது.

"எங்கள் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்" என்பது இன்னொரு பதில். ஆடிட்டர்கள் நமக்கு வேண்டியவர்கள். அவர்கள் உதவியின்றி முடியாது. ஆனால் நம் ஜி.எஸ்.டி. பதிவில் இருப்பது நம் மெயிலும் நம் செல் எண்ணும்தானா என்று இன்றே பாருங்கள். வேறு யாருடையதோ என்றால் போர்ட்டலில் மாற்றிக்கொள்ளலாம். உள்ளே நுழையவே வழியில்லை என்றால் நம் வட்டத்து வரி அதிகாரியிடம் அத்தாட்சியோடு போய் மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. மெயில் பெட்டியை மீட்பதற்கென்று கொடுத்திருக்கும் செல் எண் யாருடையது என்பதையும் பாருங்கள். வேலையை விட்டுப் போன பையனுடையது என்றால், பெட்டிக்கு உரிமையாளர் அவன்தான்.

கடைசியாக ஒன்று. நமக்கு வரும் கடிதங்களைச் சத்தமில்லாமல் வேறொரு விலாசத்துக்குத் திருப்பிவிட அமைப்பில் ஓர் இடம் இருக்கிறது. யாராவது உள்ளே புகுந்தால் முதலில் செய்வது அதுதான். நம் பில் போக்குவரத்தைப் படித்துவிட்டு, மில்காரர் பெயரிலேயே "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று எழுதுவார்கள். அந்த இடத்தை மாதம் ஒரு முறை பாருங்கள். கணக்கு எண் மாறியதாக மெயில் வந்தால், பழைய எண்ணுக்குப் போன் செய்து குரலைக் கேட்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். தவறி அனுப்பிவிட்டால் தாமதிக்காமல் 1930-க்குச் சொல்லுங்கள்.

நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. கடைவீதி விடுமுறை நாளில் சங்கக் கட்டடத்தில் அரை நாள் வகுப்பு வைக்க வேண்டும். பிள்ளைகளை அனுப்பாமல் முதலாளிமார்களே வந்து உட்கார வேண்டும். இரண்டாவது, உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் மெயில் அமைப்பு விவரம் எழுதிக்கொள்ள ஒரு பக்கப் படிவம் அச்சிட்டுத் தர வேண்டும். நிரப்பிய படிவம் இருக்க வேண்டிய இடம் இரும்புப் பெட்டி. மேஜை டிராயர் அல்ல.

நான் இப்போது ஐமேப் முறைக்கு மாறிவிட்டேன். மாதம் ஒரு முறை கடிதங்களை வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து, டிஸ்க்கின் மேல் மாதத்தையும் வருடத்தையும் எழுதி வைக்கிறேன். அதை வைத்திருக்கும் இடம், தகப்பனாரின் கடிதக் கட்டுகள் இருந்த அதே பரண். அந்த 40,000 ரூபாய் இனி வராது. இதைப் படித்த ஒருவராவது இன்றிரவு தம் கம்ப்யூட்டரின் மூலையில் தேதியைப் பார்த்துவிட்டுப் படுத்தால், அதை வரவில் எழுதிக்கொள்கிறேன்.