தாத்தாவுக்கு அப்பா பேரு என்ன?

"உங்க தாத்தா பேரு என்ன?"

கேட்டால் டக்கென்று சொல்லிவிடுவீர்கள்.

"தாத்தாவோட அப்பா பேரு?"

கொஞ்சம் யோசிப்பீர்கள்.

"அவருக்கு அப்பா?"

அவ்வளவுதான். முக்கால்வாசிப் பேர் இங்கே கையை விரித்துவிடுவோம்!

நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பேரின் முதல் எழுத்துதான் இனிஷியல். தலைமுறைக்குத் தலைமுறை அது மாறிவிடும். போதாததற்கு, மூத்த பேரனுக்குத் தாத்தா பேரையே வைக்கிற வழக்கம் வேறு. ஒரே பேரில் மூன்று பேர் இருந்தால் எந்த முனுசாமி எந்த முனுசாமி என்று யார் சொல்வது?

வீட்டில் இருக்கிற பாட்டி சொல்லலாம். பாட்டியும் போய்விட்டால்?

தேசூரை எடுத்துக்கொள்ளுங்கள். வந்தவாசிப் பக்கத்துச் சின்ன பேரூர். ஆரணிப் பட்டுக்குப் பேர் போன வட்டாரம். பக்கத்திலேயே சீயமங்கலம். அங்கே பாறையைக் குடைந்து மகேந்திரவர்ம பல்லவன் கோயில் எடுத்தான். சுமார் 1,400 வருஷம் ஆகிறது. கோயிலுக்கு 'அவனிபாஜன பல்லவேசுவரம்' என்று தான் வைத்த பேரைக் கல்லிலேயே வெட்டி வைத்தான்.

ராஜா வைத்த பேரு கல்லில் நின்றுவிட்டது. பட்டு நெய்தவர் பேரு? சேலை ஊர்ப் பேரைச் சொல்லிக் கடைக்குப் போகிறது. நெய்தவர் பேரு முந்தானையில் இல்லை!

அதை எங்கே தேடுவது?

பெரிய நூலகங்களில் பழைய ஜில்லா மேனுவல் உண்டு. வட ஆர்க்காடு மேனுவலை 1881-ல் காக்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி எழுதினார். பிறகு ஸ்டூவர்ட் என்பவர் திருத்தி வெளியிட்டார். தேடப் போகிறவர்கள் ஒன்றை ஞாபகம் வைக்க வேண்டும். திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனது 1989-ல்தான். அதற்கு முந்திய சங்கதிக்கு 'வட ஆர்க்காடு' என்று கேட்டால்தான் புஸ்தகம் கைக்கு வரும்.

ஆனால் மேனுவலில் ஊர் இருக்கும். உங்கள் தாத்தா இருக்க மாட்டார்!

அவர் இருக்கிற இடம் வேறு. உங்கள் வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டியில் இருக்கிறார்.

ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பாருங்கள். மாப்பிள்ளை யார் பேரன், பெண் எந்த ஊர், தாய்மாமன் யார், தேதி என்ன... அத்தனையும் ஒரே தாளில். கருமாதிப் பத்திரிகையில் செத்த நாள் இருக்கும். பழைய கிரயப் பத்திரத்தில் 'இன்னார் குமாரர் இன்னார்' என்று இருக்கும். கிழக்கே யார் வீடு, மேற்கே யார் மனை என்று நாலு எல்லையும் இருக்கும். ஒரு பத்திரத்தில் பாதித் தெருவே உட்கார்ந்திருக்கும்!

இதெல்லாம் குப்பை என்று நினைக்காத ஒரு மனிதர் இருந்தார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதுவது தொழில். புஸ்தகத்தோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று எதையும் விடாமல் சேர்த்தார். 1992-ல் காலமானார். 1994-ல் அவர் பேரிலேயே சென்னையில் ஆராய்ச்சி நூலகம் வந்தது. இன்றைக்கு எங்கெங்கிருந்தோ ஆராய்ச்சிக்காரர்கள் வந்து அதைப் புரட்டுகிறார்கள்.

இன்னொரு பாடமும் உண்டு. அது கசப்பான பாடம். 1981-ல் யாழ்ப்பாண நூலகத்தைக் கொளுத்தினார்கள். சுமார் 97,000 புஸ்தகங்கள், ஏட்டுச் சுவடிகள், எல்லாம் சாம்பல். இழந்த அருமை தெரிந்ததால், ஈழத் தமிழர்கள் 2005-ல் 'நூலகம்' என்ற இணைய நூலகத்தைத் தொடங்கினார்கள். செத்தவருக்காக வீட்டார் அச்சடிக்கிற நினைவு மலரைக்கூட அதில் சேர்த்து வைக்கிறார்கள். அந்த மலரில் வம்சமே இருக்குமே!

அங்கே தீ வைத்து அழித்தார்கள். இங்கே நாமே பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடுகிறோம்.

1948-ல் நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். அந்த உரிமையில் கேட்கிறோம்.

தேசூர், ஆரணி, வந்தவாசி என்று ஊருக்கு ஊர் நூலகத்தில் ஒரே ஒரு அலமாரியை ஒதுக்குங்கள். 'நம்ம ஊர் அலமாரி' என்று பேர் எழுதுங்கள். கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூட ஆண்டு மலர், நெசவாளர் சங்க அறிக்கை, பழைய வாக்காளர் பட்டியல், பத்திரிகைகள் எல்லாம் அதில் சேரட்டும். வீட்டுப் பத்திரத்தை யாரும் கொடுக்க வேண்டாம். வீட்டுக்காரர் சம்மதித்தால் நகல் எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

செலவு என்ன? ஓர் அலமாரி, ஒரு நோட்டு, ஒரு பேனா!

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 'நாங்கதான் பெரிய வம்சம்' என்று மார்தட்டுவதற்கு இது வேண்டாம். எந்த வம்சத்தைத் தோண்டினாலும் பசியும் இருக்கும், கடனும் இருக்கும், ஊர் விட்டு ஊர் போனதும் இருக்கும். அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

பாட்டி பேரையும் மறக்காதீர்கள். பத்திரங்களில் அவர் பேரு வருவது அபூர்வம். கேட்டு எழுதினால்தான் உண்டு.

வாசகர்களே! இன்றைக்கு வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் பெரியவர் பக்கத்தில் உட்காருங்கள். நாலு பேரையாவது கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள். கல்வெட்டு காத்திருக்கும். பாட்டி காத்திருக்க மாட்டாள்!