போர்ட் போகேல்ல, ஹீட்சிங்க்தான் கழண்டிருக்கு

கொம்பியூட்டரைப் போட்டு ஐஞ்சு நிமிசத்தில அது தானா நிண்டால், "மதர்போர்ட் போயிட்டுது" எண்ட தீர்ப்பு உடன வந்துவிடும். எல்லா நேரமும் அது உண்மையில்லை. இன்டெல் ப்ரொசெசரோட வாற ஹீட்சிங்க்கைப் பிடிச்சிருக்கிறது 4 பிளாஸ்டிக் கால்கள்தான். அதில ஒண்டு கழண்டாலே இடையில காத்துப் புகுந்திடும். சூடு வெளிய போகாது. 100 பாகையை நெருங்கினதும் ப்ரொசெசர் தன்னைக் காப்பாற்ற வேகத்தைக் குறைக்கும், பிறகு நிண்டுவிடும்.

திருத்தம் சின்னது. வயரைக் கழட்டி, சூடு ஆறவிட்டு, காய்ஞ்ச பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் அல்ககோலால துடைச்சு, பயறளவு புதுப் பேஸ்ட் வைக்கவேணும். பிறகு கால்களை மூலைக்கு மூலை 'டிக்' எண்டு கேட்கும்வரை அழுத்தவேணும். உடைஞ்ச காலைத் தனியாவும் மாத்தலாம்.

2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறின நாட்டில, இறக்குமதியாகிற ஒரு போர்ட் மாணவர்களுக்குச் சின்னச் செலவில்லை. "நாங்கள் கலைப்பீடம், இது எங்கட வேலையில்லை" எண்ட கதையை விடுவம். பக்கமூடியைக் கழட்டிப் பார்க்கப் பட்டம் தேவையில்லை. புதுசு வாங்கச் சொன்னால், காசு எண்ண முதல் அந்த 4 கால்களையும் ஒருக்கா பாருங்கோ.